கையில் கொடுக்காத சவுக்காரம்

ஓமானில், சலாலாவில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவரிடம் மாட்டிக்கொண்டேன். கரீஃப் காலம். வளைகுடா முழுக்க வெயிலில் வெந்துகொண்டிருக்கும்போது இங்கே மட்டும் மலையெல்லாம் பச்சை பிடித்து, ஊரே தூறலில் நனைந்துகொண்டிருக்கும். அந்தத் தூறலை அனுபவிக்கக் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். எங்கள் ஹோட்டலில் மூச்சுவிட நேரம் இருக்காது. அன்று பஸ்ஸில் ஒரு பெரிய கூட்டம் வரவேண்டியிருந்தது. மலைப்பாதையில் ஒட்டகங்கள் மறித்து நிற்கின்றன, பஸ் தாமதமாகும், அறைகளை மெதுவாகத் தயார் செய்தால் போதும் என்று ரிசப்ஷனில் இருந்த நான் ஹவுஸ்கீப்பிங் பிரிவுக்குப் போய் மிகவும் பொறுப்பாகச் சொன்னேன். துண்டுகளை மடித்துக்கொண்டிருந்த பெண்மணி தலையை நிமிர்த்தவில்லை.

“கண்டனீங்களோ, கேள்விப்பட்டனீங்களோ?” என்றார்.

டிரைவர் போனில் சொன்னார் என்றேன். எந்த டிரைவர் என்று கேட்டார். அந்த பஸ்ஸை ஓட்டுகிறவர் இல்லை, அவருக்குத் தெரிந்த இன்னொரு டிரைவர். அவர் ஒட்டகத்தைப் பார்த்தாரா? அவருக்கும் யாரோ சொன்னார்களாம். “அப்ப அறையளை இப்பவே செய்வம்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். சற்று நேரத்தில் பஸ் வாசலில் வந்து நின்றது. ஒட்டகத்தை வழியில் யாரும் பார்க்கவில்லை. அன்று எங்கள் பிரிவில் எல்லோரும் வசை வாங்கினோம், அவர் பிரிவைத் தவிர.

அவர்தான் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். இலங்கை, வன்னிப் பக்கம். அவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். நேபாளிகளும் வங்காளிகளும்கூட அதுதான் அவர் பெயர் என்று நினைத்து அக்கா என்பார்கள். ஜோர்டான்காரரான எங்கள் மேனேஜர் இன்னும் ஒரு படி மேலே போய் ‘மிஸ் அக்கா’ என்பார். அவருக்குப் பெயர் உண்டு, நல்ல பெயர். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

ஆள் ஒல்லி. கொண்டையில் ஒரு பேனா எப்போதும் செருகியிருக்கும். மூக்குக்கண்ணாடி கயிற்றில் கட்டி மார்பில் தொங்கும், அவர் அதைப் போட்டு நான் கண்டதில்லை. காரிடாரில் அவர் நடந்து வருவது காதில் விழாது. நாம் யாரையாவது பற்றிச் சுவாரசியமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நிற்பார். பிறகு அந்தக் கேள்வி. வேலையாட்கள் நிறையப் பேருக்குத் தமிழ் தெரியாததால் ஹிந்தியில் “தேக்கா, யா சுனா?” என்பார். மேனேஜரிடம் அதையே அரபியில் கேட்பார். மேனேஜரிடம் கேள்வி கேட்க அந்தக் கட்டடத்திலேயே தைரியம் உள்ள ஒரே ஆள் அவர்தான்.

மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்தாலும் விடமாட்டார். டவுனில் புதிதாக ஒரு கடை திறந்திருக்கிறார்கள், பிரியாணி அபாரம் என்றால், “சாப்பிட்டனீங்களோ?” சாப்பிடவில்லை என்றால் பேச்சு அத்தோடு முடிந்தது. அக்கவுண்டன்டின் மனைவி கோபித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டதாக ஒரு கதை சுற்றியது. மூன்று நாளாக மெஸ்ஸில் அதுதான் தொட்டுக்கொள்ள. அக்காவின் மேசைக்கு வந்ததும் அந்தக் கதை செத்துவிட்டது. கதையைக் கொன்றுவிட்டு அவர் பாட்டுக்குத் தேங்காய்ச் சம்பலைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சலாலாவில் ரோட்டோரமெல்லாம் தேங்காய் குவித்து விற்பார்கள் என்பதால் சம்பலுக்கு அவருக்குக் குறைவே இல்லை. எங்களுக்கோ அவரோடு உட்கார்ந்தால் சாப்பாடு இறங்காது. வம்பு இல்லாமல் சோறு எப்படி இறங்கும்?

என் கல்யாண விஷயத்திலும் தலையிட்டார். பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு போட்டோ வந்தது. பெண் சாது, வாய் திறக்காது, நன்றாகச் சமைக்கும் என்று என் அம்மா போனில் சொன்னதை ஒரு பெருமைக்கு அக்காவிடம் சொன்னேன். அவர் கேட்டதைச் சொல்லத் தேவையில்லை. அந்த ஒரு கேள்வியால் லீவு போட்டு ஊருக்குப் போய், பெண்ணிடம் நேரில் பேசிய பிறகுதான் சரி சொன்னேன். சாது என்பதும் பொய், வாய் திறக்காது என்பதும் பொய், சமையலைப் பற்றி நான் எதுவும் எழுதாமல் இருப்பது நல்லது. தெரிந்தே கட்டிக்கொண்டேன், ஆகையால் புகார் சொல்ல எனக்கு வாய் இல்லை. இதற்காக என் மனைவி அக்காவுக்குச் சில நாள் நன்றி சொல்வாள், சில நாள் திட்டுவாள்.

இதுவரை எழுதியதெல்லாம் நான் கண்டது. இனிமேல் எழுதுவதிலும் கேள்விப்பட்டது ஏதாவது வந்தால் கேள்விப்பட்டது என்றே சொல்லிவிடுகிறேன். அவரோடு பழகிய பிறகு இப்படி ஆகிவிட்டது.

அவருடைய இந்தக் குணத்தை எல்லோரும் கிண்டல் செய்தோம். அது கிண்டலோடு நிற்கிற விஷயமில்லை என்று எனக்குப் புரிந்தது முருகேசன் அண்ணன் விவகாரத்தில்தான்.

முருகேசன் அரியலூர்க்காரர். அறைகளைச் சுத்தம் செய்கிற வேலை. ஒரு நாள் விருந்தினர் ஒருவர் தன் கைக்கடிகாரத்தைக் காணவில்லை என்று கீழே வந்து நின்றார். விலை உயர்ந்ததாம். அந்த அறையை அன்று சுத்தம் செய்தவர் முருகேசன். மத்தியானத்துக்குள் ஹோட்டல் முழுக்கத் தெரிந்துவிட்டது, அவர்தான் எடுத்தார் என்று. லாண்டிரியில் அவர் எதையோ பாக்கெட்டில் போட்டதைப் பார்த்ததாகக்கூடச் சொன்னார்கள். மேனேஜர் போலீசைக் கூப்பிடப் போனை எடுத்துவிட்டார். போலீஸ் வந்தால் பிறகு வேலையும் இல்லை, விசாவும் இல்லை. முருகேசன் ஒரு மூலையில் நின்று இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா மேனேஜரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். பிறகு ஆள் ஆளாகக் கேட்டுக்கொண்டே போனார். லாண்டிரிக்காரர் தான் பார்க்கவில்லை, லிஃப்டில் ஒருத்தர் சொன்னார் என்றார். லிஃப்டுக்காரர் சமையலறையில் கேட்டதாகச் சொன்னார். சமையலறையில், வெளியே நிற்கிற டிரைவர்கள் பேசிக்கொண்டதாகச் சொன்னார்கள். கடைசியில் அது அந்த விருந்தினரின் டிரைவரிடம் போய் நின்றது. கிளீனர்தான் எடுத்திருப்பான், வேறு யார் எடுப்பார்கள் என்று அவர் ஒரு பேச்சுக்குச் சொன்னாராம். பாக்கெட்டை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் பார்த்தது ஒருவர் வாயை ஒருவர்தான். அக்கா மேனேஜரிடம் திரும்பி வந்து, கண்டவர் ஒருவரும் இல்லை என்று சொன்னார். போன் கீழே இறங்கியது.

வாட்ச் கிடைக்கவே இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கிடைத்தது என்று ஒரு கதை பின்னாளில் கிளம்பியது. முருகேசனுக்கு வேலை மட்டும் போகவில்லை.

அன்று சாயங்காலம் அவர் கண் கலங்க வந்து, என்னை நம்பினது நீங்க ஒருத்தர்தான் அக்கா என்று சொன்னார். நாங்கள் சுற்றி நின்றோம். வேறு யாராக இருந்தாலும் முதுகில் தட்டிக் கொடுத்திருப்பார்கள்.

“நான் நம்பேல்லை முருகேசன்” என்றார் அக்கா. “நம்பாமலும் இருக்கேல்லை. நான் காணேல்லை, ஒருத்தரும் காணேல்லை. அதைத்தான் சொன்னனான்.”

முருகேசன் பல நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கும் கோபம்தான். கொஞ்சம் இரக்கம் காட்டினால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், அன்று எங்களில் இரக்கம் உள்ளவர்கள் நிறையப் பேர் இருந்தோம். முருகேசனுக்காக வருத்தப்பட்டோம், வருத்தப்பட்டுக்கொண்டே அவர்தான் எடுத்தார் என்று பேசினோம். அவரைக் காப்பாற்றியது அந்த வறட்டுக் கேள்விதான். அன்றிலிருந்து எனக்கு அவர்மேல் ஒரு மரியாதை வந்தது, கொஞ்சம் பயமும் வந்தது.

அவரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. சோப்பை யார் கையிலும் கொடுக்கமாட்டார். சோப்பை அவர் சவுக்காரம் என்பார். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குச் சிரிப்பு வரும். விருந்தினர் யாராவது அறைக்குச் சோப்பு வேண்டும் என்று அவசரப்படுத்தினால் நானே லினன் ரூமுக்கு ஓடிப் போய்க் கையை நீட்டுவேன். அவர் டிராலியின் மேல் வைத்துவிட்டு, எடுத்துக்கொள் என்பதுபோலக் கண்ணைக் காட்டுவார். துண்டு, சீப்பு, ஷாம்பு எல்லாம் கையில் வரும். சோப்பு மட்டும் டிராலியில்.

எங்கள் ஊரில் உப்பையும் மிளகாயையும் ஊசியையும் கையில் கொடுக்கமாட்டார்கள், கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள். உங்க ஊர்ல சோப்புக்குமா அக்கா என்று கேலி செய்தேன். எங்கட ஊரில் அப்படி ஒன்றும் இல்லை, அது என்னுடைய வழக்கம் என்றார். பார்த்ததை மட்டுமே நம்புகிற ஆளுக்கும் இப்படி ஒரு மூடநம்பிக்கை இருக்கிறதே என்று எனக்கு உள்ளூர சந்தோஷம். மெஸ்ஸில் அதைப் பரப்பியதும் நான்தான். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு, அக்காவிடம் சோப்புக்குக் கை நீட்டாதே, சண்டை வரும் என்று முதலிலேயே சொல்லிவிடுவோம். ஒருவரும் நீட்டியதில்லை.

அவர் ஊரில் என்ன வேலை பார்த்தார் என்று அதுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. அரசாங்கத்தில் கிளார்க் என்று கேள்விப்பட்டிருந்தேன். யுத்தம் முடிந்த பிறகு, காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்க அரசாங்கம் ஒரு குழு போட்டதாம். பிள்ளைகளைத் தேடி வருகிற தாய்மார் சொல்வதை எழுதி, மொழிபெயர்த்துக் கொடுக்கிற வேலையாம். எழுதி எழுதித்தான் அக்கா இப்படி ஆகிவிட்டார் என்று முருகேசன் சொல்வார்.

அப்புறம் அவர்கள் நாட்டில் ஆட்சி மாறியது. புதிதாக வந்தவர்கள் பழைய விசாரணைகளை மறுபடி திறக்கப் போகிறோம், என்ன தப்பு நடந்தது, விசாரித்தவர்களே என்ன தப்பு செய்தார்கள் என்பதையெல்லாம் அறிக்கையாக எழுதப் போகிறோம் என்று அறிவித்தார்கள். அந்த மாதிரி அறிவிப்புகளை எல்லா நாட்டிலும் கேட்டுப் பழகியவர்கள் நாங்கள், ஆகையால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அது எங்கள் ஹோட்டலுக்கே வந்துவிட்டது. பாஸ்போர்ட் புதுப்பிக்கிற வேலைக்காக அவர்கள் தூதரக ஆட்கள் மஸ்கட்டிலிருந்து வந்து எங்கள் பெரிய ஹாலில் மேசை போடுவது வழக்கம். இந்த முறை கூடவே ஓர் அதிகாரி வருகிறார், பழைய விசாரணையைப் பற்றித் தெரிந்தவர்கள் வெளிநாட்டில் இருந்தால் அவரிடம் வாக்குமூலம் கொடுக்கலாம் என்று சொன்னார்கள்.

அக்காவுக்குத் தனியாகவே ஒரு மெயில் வந்திருந்தது. அந்தக் குழுவில் வேலை பார்த்தவர் என்ற முறையில்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. முதலில் யாரும் கவனிக்கவில்லை. மேனேஜர் வேலையை விட்டுப் போகிறாராம் என்று ஒருவர் மெஸ்ஸில் ஆரம்பித்தார். அக்கா பக்கத்து மேசையில்தான் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. கதை தடங்கல் இல்லாமல் வளர்ந்தது, மேனேஜருக்குப் பதிலாக வரப்போகிறவரின் ஊரும் குணமும்வரை போய்விட்டது. சொன்னவருக்கே கொஞ்ச நேரத்தில் ஒரு மாதிரி ஆகி, அக்காவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

தங்கையின் போன் வந்தது அந்த வாரத்தில்தான். அவருக்கு ஊரில் உறவென்று இருப்பது ஒரு தங்கையும் தங்கையின் மகளும். தங்கை அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நான் லினன் ரூமில் பில்லுக்குக் கையெழுத்து வாங்கப் போயிருந்தேன். அக்காவின் இரண்டு கையிலும் படுக்கை விரிப்பு. போனை அலமாரியில் வைத்து ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தார். நான் வெளியே போகத் திரும்பினேன். நில்லுங்கோ என்று கண்ணால் காட்டினார்.

தங்கை அழவில்லை. நிதானமாகத்தான் பேசினார். உங்கள் குழுவில் அதிகாரியாக இருந்த அந்த ஆள் இப்போது எங்கள் மாவட்டத்தில் பெரிய பதவியில் இருக்கிறார், ஆட்சி மாறினாலும் அவர் மாறவில்லை, என்னை எந்தக் காட்டுக்கும் மாற்றிவிட அவரால் முடியும், மாற்றலோடு விட்டால் நல்லது என்று சொன்னார்.

“உங்களைப் பொய் சொல்லச் சொல்லேல்லை அக்கா. கேள்விப்பட்டனான் எண்டு சொல்லுங்கோ. கேள்வியும்பட்டனீங்கள்தானே. அந்த ஒரு சொல்லோட எல்லாம் முடிஞ்சிடும். எனக்கு இஞ்ச ஒரு பிள்ளை இருக்கு.”

யோசிக்கிறேன் என்று மட்டும் அக்கா சொன்னார். போன் நின்ற பிறகு, மடித்து வைத்த விரிப்பைப் பிரித்து மறுபடி மடித்தார். தங்கச்சி சொல்றதுல தப்பு இல்லையே அக்கா என்றேன். பொய் இல்லையே என்றும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். ஓம் தம்பி, பொய் இல்லை என்றார். அவ்வளவு களைத்த முகத்தோடு அவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

தூதரக ஆட்கள் வந்த அன்று நல்ல தூறல். ஹாலில் ஒரே கூட்டம். வீட்டு வேலை செய்கிற பெண்கள், டிரைவர்கள், மீன் கம்பெனிக்காரர்கள் எல்லோரும் நனைந்த குடைகளோடு வரிசையில் நின்றார்கள். ஹால் பொறுப்பு அன்று என்னுடையது. நாற்காலி, ஏசி, தேநீர் என்று ஓடிக்கொண்டிருந்தேன். வாக்குமூலம் எடுக்கப் பக்கத்துச் சின்ன மீட்டிங் ரூம். அதில் ஏசி சத்தம் போடுகிறது என்று பார்க்கப் போனபோது அக்கா உள்ளே வந்து உட்கார்ந்தார். யூனிஃபார்மிலேயே வந்திருந்தார். அதிகாரி ஓர் இளம் பெண், நல்ல தமிழ் பேசினார். துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்றார்.

“இந்தத் தம்பி இருக்கட்டும்” என்றார் அக்கா. “நான் சொன்னதைக் கண்ட ஆள் ஒண்டு வேணும்.”

ஸ்க்ரூடிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு நான் கதவோரம் உட்கார்ந்தேன்.

அதிகாரி இரக்கம் உள்ளவர். ஆரம்பிப்பதற்கு முன்பே விதியை விளக்கிச் சொல்லிவிட்டார். நேரில் பார்த்த சாட்சி என்றால் சாட்சியின் பெயர் அறிக்கையில் வரும், மறைக்க முடியாது. பிறர் சொல்லக் கேட்டது என்றால் பெயர் வராது, பொதுவாக ஒரு வரியில் சேர்த்துக்கொள்வார்கள். இதைச் சொல்லிவிட்டு, இது நீங்கள் நேரில் பார்த்ததா, கேள்விப்பட்டதா என்று கேட்டார்.

ஹோட்டல் முழுக்க அவர் எல்லோரிடமும் கேட்ட கேள்வி. அதை அவரிடம் ஒருவர் கேட்டு நான் பார்த்தது அன்றுதான். ஏசி கடகடவென்று ஓடியது. அக்கா கொண்டையிலிருந்து பேனாவை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒரு சொல் சொன்னால் தங்கை பிழைத்தாள். என் மனசு, சொல்லுங்க அக்கா, கேள்விப்பட்டேன்னு சொல்லுங்க என்று அடித்துக்கொண்டது.

“ஒரு தாய் வந்தவ” என்று ஆரம்பித்தார். “மகனைக் காணேல்லை. சொல்லி முடிச்சு வெளியில வர, எங்கட அதிகாரி அவவைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனவர். வாகனம் நிப்பாட்டுற கொட்டில் பக்கத்தில ஒரு பைப்படி. என்னைக் கூப்பிட்டு, சவுக்காரம் கொண்டு வாங்கோ எண்டார். அம்மா அழுதவ, முகம் கழுவப் போறா எண்டு நினைச்சனான். கொண்டு போய் அவவின்ர கையில குடுத்தனான்.”

மேசைமேல் இருந்த பேனாவை நேராக்கினார்.

“அவ முகம் கழுவேல்லை. கையில இருந்த காப்பைக் கழட்டினவ. கன காலம் போட்டு இறுகின காப்பு. சவுக்காரம் போட்டுத்தான் கழண்டது. கழட்டி அவரிட்டைக் குடுத்தவ. மகன் இருக்கிற முகாமைக் காட்டுறன் எண்டு சொல்லி வாங்கினவர். நான் பக்கத்தில நிண்டனான். கண்டனான்.”

இப்படி எத்தனை பேரிடம் வாங்கினார் என்று அதிகாரி கேட்டார். நான் கண்டது ஒருவரிடம்தான், மற்றவர்களைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டேன், அதை அப்படியே பிரித்து எழுதுங்கள் என்றார் அக்கா. அவ்வளவு நடந்துகொண்டிருக்கும்போதும் ஒன்றைக் கூட்டிச் சொல்லவில்லை. பிள்ளை கிடைத்தானா என்று அதிகாரி கேட்டதற்கு, அந்தத் தாய் பிறகும் பல முறை வந்தார், தனியாகத்தான் வந்தார் என்றார்.

அப்போதே மேலிடத்தில் சொல்லவில்லையா என்பது அடுத்த கேள்வி. அக்கா மேசையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்.

“பெரியவரிட்டைப் போய்ச் சொன்னனான். கண்டனீங்களோ, கேள்விப்பட்டனீங்களோ எண்டு கேட்டவர். கண்டனான் எண்டனான். கேள்விப்பட்டது எண்டு எழுதித் தாங்கோ, உங்களுக்கும் நல்லது எண்டார். பயத்தில எழுதிக் குடுத்தனான். அறிக்கையில அது வதந்தி எண்டு வந்தது.” நிமிர்ந்து அதிகாரியைப் பார்த்தார். “இப்ப மாத்தி எழுதுங்கோ. என்ர பேரையும் போடுங்கோ.”

பெயரைச் சொன்னார், முழுப் பெயர். எழுத்து எழுத்தாகவும் சொன்னார். அதிகாரி எழுதியதை வாசித்துக் காட்டினார், அக்கா கையெழுத்துப் போட்டார். அவர் சோப்பைக் கையில் கொடுக்காததற்குச் சண்டை வரும் என்று காரணம் கண்டுபிடித்து ஹோட்டல் முழுக்கச் சொல்லி வைத்தோமே, அதை நினைத்தேன். எத்தனை தடவை கையை நீட்டிக் கிண்டல் செய்திருப்பேன்!

காரிடாருக்கு வந்ததும் தங்கைக்குப் போன் போட்டார். கண்டனான் எண்டு சொல்லிப்போட்டன் என்று சொன்னார். உடனே லைன் அறுந்தது. போனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். இதையெல்லாம் வெளியில் சொல்லக் கூடாதா அக்கா என்று கேட்டேன்.

“கண்டதை ஆரிட்டையும் சொல்லலாம் தம்பி. கூட்டிச் சொல்லாதேங்கோ” என்றார். மேல் மாடியில் செய்யாத அறைகள் கிடந்தன. மாடிக்குப் போய்விட்டார்.

அவர் பெயரை நான் இங்கே எழுதாததற்குக் காரணம் இதுதான். சொல்லவேண்டிய இடத்தில் அவரே சொல்லிவிட்டார். நான் எழுதினால் அது இன்னொரு ஹோட்டல் கதையாகிவிடும்.

அடுத்த வருஷம் கான்ட்ராக்ட் முடிந்து அவர் சலாலாவை விட்டுப் போனார். நான் இப்போது சவூதியில், அல் கோபாரில் வேறு ஹோட்டலில் இருக்கிறேன். பழைய ஆட்கள் அடிக்கடி போன் செய்வார்கள். தங்கைக்கு என்ன ஆனது என்று ஒருவர் ஒன்று சொல்கிறார், இன்னொருவர் வேறு சொல்கிறார். அக்கா ஊருக்கே போய்விட்டார் என்கிறார்கள், போகவில்லை என்றும் சொல்கிறார்கள். அறிக்கை வந்துவிட்டதாம், வரவே வராதாம். அந்தக் காப்பு வாங்கிய ஆளைப் பற்றியும் ஒரு கதை சுற்றுகிறது. அது மட்டும் உண்மையாக இருக்கவேண்டும் என்று எனக்கு ஆசைதான். முருகேசன் அண்ணன் போனில் அதைச் சொல்ல ஆரம்பித்ததும் என் வாயில் தானாக வந்தது, பார்த்தீங்களாண்ணே, கேள்விப்பட்டீங்களா என்று. அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தக் கதையை அவர் அதோடு விட்டுவிட்டார்.

ஆகையால் நான் கண்டதோடு முடித்துக்கொள்கிறேன். வாக்குமூலம் கொடுத்த மறுநாள் காலை, இரண்டாவது மாடியில் ஒரு பாட்டியம்மா குளியலறைக்குள் நின்றுகொண்டு சோப்பு இல்லை என்று போனில் சத்தம் போட்டார். லினன் ரூமுக்கு ஓடினேன். அக்கா துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். சவுக்காரம் ஒன்று வேண்டும் அக்கா என்றேன். அந்தச் சொல்லை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. இந்த முறை கையை நீட்டாமல் டிராலியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

டிராலியில் எதுவும் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். காகிதம் சுற்றிய சோப்பைக் கையில் பிடித்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்.

“இந்தாங்கோ தம்பி” என்றார்.

கையை நீட்டினேன். உள்ளங்கையில் வைத்தார். வாங்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன்.